பதினொன்று உள்ளே, பன்னிரண்டு வெளியே

வெண்ணாற்றுப்பேட்டைக் கிளை நூலகத்தின் நூலகருக்குக் குஞ்சிதபாதம் என்று பெயர். நூலகம் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் என்று பலகையில் எழுதியிருந்தால், எட்டு ஐம்பத்தைந்துக்கே பூட்டில் சாவி நுழைந்திருக்கும். மாலையில் கதவைச் சாத்துமுன் தேதி முத்திரையின் சக்கரத்தைத் திருப்பி, மறுநாள் தேதியை வைத்துவிட்டுத்தான் அவர் படி இறங்குவார். காலையில் வந்து திருப்பினால் ஆகாதா என்று யாரேனும் கேட்டால், "நாளைக்கு நான் வருவேன்னு அதுக்குத் தெரிய வேண்டாமா?" என்பார். அவர் சொல்லும் வேடிக்கை அது ஒன்றுதான். முப்பத்தோராண்டுகளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நினைவூட்டு அட்டைகளையும் அவர் தம் கையாலேயே எழுதுவார். அச்சிட்ட அட்டை கைவசம் இருந்தும், அதில் பணிவு போதவில்லை என்பது அவர் கருத்து. "தாங்கள் எடுத்துச் சென்ற நூல் குறித்த நாள் கடந்தும் வந்து சேரவில்லை. அன்புகூர்ந்து திருப்பித் தருமாறு வேண்டுகிறேன்" என்று மணிமணியாக எழுதி, மாதத்தின் முதல் திங்கட்கிழமை அஞ்சல் பெட்டியில் இட்டுவிடுவார்.

இத்தகைய மனிதருக்கு 1997ஆம் ஆண்டின் ஆடி மாதத்தில் தம்மீதே ஐயம் தோன்றிற்று.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை நூலிருப்பைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்து, பதிவேட்டில் அதன் எண்ணுக்கு நேரே குறியிட வேண்டும். உதவியாளர் பணியிடம் ஈராண்டாகக் காலியாக இருந்தமையால், அம்முறை குஞ்சிதபாதமே தனியாளாக அதைச் செய்தார். மூன்றாம் நாள் முற்பகலில் 4127ஆம் எண்ணுள்ள நூல் கையில் வந்தது. குழந்தை வளர்ப்பைப் பற்றிய நூல். அவர் அதைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

அந்த நூல் அங்கே இருக்க முடியாது. பள்ளிவாசல் தெரு முகம்மது யூசுப் என்பவர் ஐந்தாண்டுகளுக்கு முன் எடுத்துச் சென்ற நூல் அது. அவருடைய உறுப்பினர் சீட்டு இன்னும் மேசை இழுப்பறையில் இருந்தது. நூல் திரும்பியிருந்தால் சீட்டும் அவரிடம் திரும்பியிருக்க வேண்டும். அதைக் கேட்டு மாதந்தோறும் அட்டை எழுதியவர் குஞ்சிதபாதமேயாவார். சென்ற திங்கட்கிழமைகூட எழுதினார். நூலோ, தன் வரிசையில், தன் இடத்தில், ஒரு விரற்கடைகூடப் பிசகாமல் நின்றுகொண்டிருந்தது.

சரிபார்ப்பு முடிந்தபோது இப்படிப்பட்ட நூல்கள் பதினொன்று இருந்தன. அவை வெளியே இருக்க வேண்டியவை, உள்ளே இருந்தன. உள்ளே இருக்க வேண்டியவற்றுள் பன்னிரண்டைக் காணவில்லை. அவற்றை எவருக்கும் கொடுத்ததாக முத்திரை இல்லை, சீட்டு இல்லை, ஒரு பென்சில் குறிகூட இல்லை. திருடன் பன்னிரண்டை எடுத்துப் போவான் என்றால் நம்பலாம். பதினொன்றைக் கொண்டுவந்து, எண் பார்த்து அடுக்கிவிட்டும் போவானா?

அவர் மறுபடி எண்ணினார். பதினொன்று உள்ளே, பன்னிரண்டு வெளியே. இரவு உணவின்போதும் அவர் உதடுகள் அதையே முணுமுணுத்தன.

"என்னங்க, ரசத்துல உப்பு இல்லையா?" என்று கேட்டார் அவர் மனைவி ஆனந்தம்.

"இருக்கு."

"பின்ன எதை எண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு எண்ணணும்?"

குஞ்சிதபாதம் ரசத்தைச் சோற்றில் பிசைந்தார். சொல்லத்தக்க விடை ஒன்றுதான் அவருக்குத் தோன்றியது. அந்தப் பதினோரு நூல்களையும் யாரோ திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, சீட்டைக் கொடுக்க மறந்திருக்கிறார். அந்தப் பன்னிரண்டையும் அவரே கொடுத்திருக்கிறார். முத்திரை குத்த மறந்திருக்கிறார். மறந்ததையும் மறந்திருக்கிறார்.

இந்த எண்ணம் வேறொருவருக்கு வந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் திருக்காட்டுப்பள்ளியில் இருந்த அவர் அண்ணன் அச்சுதன், ஐம்பத்தேழாம் வயதில் தம் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், அடுத்த வயல்காரரின் மடையைத் திறந்துவிட்டு வந்தார். ஊரே சிரித்தது. அடுத்த தை மாதத்தில், காபி கொண்டுவந்து வைத்த மனைவியை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். அதன்பின் எவரும் சிரிக்கவில்லை. குஞ்சிதபாதத்துக்கு அப்போது ஐம்பத்தாறு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவர் எவரிடமும் வாய் திறவாமல் தம்மைத் தாமே சோதிக்கத் தொடங்கினார். காலையில் உண்டதை ஒரு தாளில் எழுதி, மாலையில் பாராமல் சொல்லிப் பார்த்தார், சரியாக இருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள எஸ்.டி.டி. சாவடிகளை எண்ணி வைத்து, மறுநாள் ஒப்பிட்டார், ஒன்று கூடியிருந்தது. தம் நினைவு பிசகியதோ என்று வியர்த்துப்போய் விசாரித்தால், அன்று காலையில்தான் புதிதாக ஒன்றைத் திறந்திருந்தார்கள். மறதியைச் சோதிக்கவும் ஒரு நிலையான ஊர் வேண்டும் போலும் என்று எண்ணியவாறு வீடு சேர்ந்தார்.

பெங்களூரில் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் மகள் மாளவிகா, ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து, "இன்னும் ரெண்டு வருஷம் அங்கே யாருக்காக உட்கார்ந்திருக்கீங்க? இங்கே வந்துடுங்கப்பா" என்பாள். அந்த ஞாயிறு அவர் மறுத்துப் பேசவில்லை. திங்கட்கிழமை, விருப்ப ஓய்வு கேட்டு ஒரு கடிதம் எழுதினார். ஆவணி முதல் வாரத்தில் ஆய்வாளர் வரும்போது, சரிபார்ப்புப் பட்டியலோடு அதையும் கையில் கொடுத்துவிடுவது என்று இழுப்பறையில் வைத்தார். அறிவு தடுமாறிய பின் ஒருவர் வந்து நாற்காலியிலிருந்து எழுப்புவதைவிடத் தாமே எழுந்துவிடுவது நல்லது.

இந்த நிலையில், பேரூராட்சிச் செயல் அலுவலர் கூட்டிய துறைகளின் ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு அவர் போக நேர்ந்தது. ஊரிலுள்ள அலுவலகங்கள் தத்தம் தீராத சிக்கல்களைச் சொல்ல வேண்டும், பிற துறையினர் உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. அரை மணி நேரம் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அந்தக் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது அறுந்த தொலைபேசிக் கம்பியைப் பற்றிப் பேசினார்கள். பள்ளத்தை மூடுவது எவர் கடமை என்று புலப்படாத நிலையில் தேநீர் வந்தது.

"நூலகத்துல என்ன பிரச்சினை சார்?" என்று செயல் அலுவலர் கேட்டார்.

குஞ்சிதபாதம் தம் குழப்பத்தைச் சொல்லவில்லை. எல்லாரும் அறிந்ததையே சொன்னார். "சில பேரு எடுத்துட்டுப் போன நூல்கள் திரும்பி வரதில்லை. பதினோரு பேரு. மாதாமாதம் அட்டை போடறேன், பலனில்லை."

"பதினோரு பேரா? பேரைச் சொல்லுங்க" என்றார் வட்ட வழங்கல் அலுவலகத்து ரெத்தினம். குஞ்சிதபாதம் சொல்லச் சொல்ல, அவர் தம் ஏட்டைப் புரட்டினார். "இவங்கள்லாம் ஊர்லயே இல்லை சார். துபாய், ஷார்ஜா, ரெண்டு பேரு சிங்கப்பூரு. வீடு வீடா நானே போய்ப் பார்த்து, ரேஷன் கார்டுல பேரை அடிச்சு வருஷக்கணக்காச்சு."

துணை அஞ்சலக அதிகாரி சாரங்கபாணி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்குச் சற்று மனத்தாங்கல். "அட்டை போட்டுப் பலனில்லைன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க நூலகர் சார். அஞ்சல்ல குறையில்லை. உங்க அட்டையில ஒண்ணாவது 'ஆள் இல்லை'ன்னு உங்ககிட்டத் திரும்பி வந்திருக்கா?"

குஞ்சிதபாதம் யோசித்தார். "இல்லை."

"அத்தனையும் பட்டுவாடா ஆயிருக்கு."

"ஆளே இல்லாத இடத்துல பட்டுவாடா எப்படிய்யா ஆகும்?" என்று ரெத்தினம் சிரித்தார். "நீங்க என்ன, ஷார்ஜாவுக்கே கொண்டுபோய்க் குடுக்கிறீங்களா?"

அவையோர் நகைத்தனர். சாரங்கபாணியின் முகம் சிவந்தது. குஞ்சிதபாதம் மட்டும் சிரிக்கவில்லை. நூலக ஏடு நூல் வெளியே இருக்கிறது என்கிறது. வழங்கல் ஏடு ஆளும் வெளியே இருக்கிறார் என்கிறது. அஞ்சல் விதியின்படி ஆள் இல்லாவிட்டால் அட்டை திரும்ப வேண்டும், அதுவோ திரும்பவில்லை. மூன்று ஏடுகளும் தனித்தனியே சரியாக இருந்தன. சேர்த்து வைத்தால்தான் ஒன்றும் விளங்கவில்லை. இந்தக் குழப்பம் தம் தலைக்குள் மட்டும் இல்லை என்ற எண்ணமே அவருக்கு ஒருவகை ஆறுதலாக இருந்தது.

வெளிநாட்டிலுள்ளோரின் உறுப்புரிமையை நீக்கி, அட்டை போடுவதை நிறுத்திவிடலாம் என்று கூட்டம் முடிவு செய்தது. ஒரு சிக்கல் தீர்ந்தது என்று செயல் அலுவலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் குஞ்சிதபாதம் அஞ்சலகத்துக்குச் சென்றார். அவமானம் ஆறாத சாரங்கபாணி, பள்ளிவாசல் தெருவுக்குத் தபால் கொடுக்கும் மருதையனை ஏற்கெனவே முன்னே நிறுத்தியிருந்தார். மருதையன் இருபது ஆண்டு அனுபவமுள்ள தபால்காரர்; நாள்தோறும் நூலகத்துக்கும் அவரே தபால் கொண்டு வருவார்.

"யூசுப்புக்கு வர்ற அட்டையை யார்கிட்டய்யா குடுக்கிற?" என்றார் சாரங்கபாணி.

"அவரு சம்சாரத்துக்கிட்டங்க."

"ஆள் வெளிநாட்டுல இருக்கான்னு எழுதித் திருப்பணுமா வேண்டாமா?"

"எழுதத்தான் சார் பேனாவை எடுத்தேன், மொதத் தடவை. அதுக்குள்ள அந்தப் பொண்ணு, 'இருங்கண்ணே, புஸ்தகம் உள்ளதான் இருக்கு, குடுத்துருங்க'ன்னு எடுத்தாந்து குடுத்திருச்சு. புஸ்தகம் கைக்கு வந்தப்புறம் ஆள் இல்லைன்னு எப்படி எழுதறது?"

"புத்தகத்தை வாங்கி என்ன செய்தீங்க?" என்று குஞ்சிதபாதம் கேட்டார்.

மருதையன் தலையைச் சொறிந்தார். "உங்ககிட்டக் குடுக்கத்தான் சார் வந்தேன். சுவத்துல போர்டு மாட்டியிருக்கீங்களே, 'உறுப்பினர் நேரில் வந்தே நூலைப் பெறவும் திருப்பவும் வேண்டும்'னு. நான் உறுப்பினரும் இல்லை, அவரு நேர்ல வரவும் முடியாது. நீங்க உள்ரூம்ல பேப்பரைக் கம்பியில கோத்துக்கிட்டிருந்தீங்க. சரி, எதுக்கு வம்புன்னு எடத்தைப் பார்த்து வெச்சிட்டேன். அந்தப் பொண்ணு வேற ஒண்ணு கேட்டிருந்திச்சு. அதை எடுத்துக்கிட்டேன். அப்புறம் பக்கத்து வீட்டுலயும் கேட்டாங்க."

"எல்லாம் எத்தனை வீடு?"

"பதினொண்ணு சார். ஆனா, நம்பர் பார்த்துத்தான் வெப்பேன். ஒண்ணாவது எடம் மாறி இருந்திச்சா, சொல்லுங்க?"

இல்லை. ஒன்றும் இடம் மாறியிருக்கவில்லை. மருதையன் நாள்தோறும் அலமாரிகளுக்கிடையே நின்றது மின்விசிறிக் காற்றுக்காக என்று குஞ்சிதபாதம் ஐந்தாண்டுகளாக நம்பியிருந்தார்.

அன்று முற்பகல் அவர் மருதையனோடு பள்ளிவாசல் தெருவுக்குப் போனார். பச்சைச் சுண்ணமும் புதிய இரும்புக் கதவும் உள்ள வீடு ஒன்றின் வாசலில், யூசுப்பின் மனைவி கமருன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். நூலகரை அடையாளம் கண்டதும் அவர் முகத்தில் பரிவு ஒன்று படர்ந்தது. அந்தப் பரிவு எதனால் என்று குஞ்சிதபாதத்துக்கு விளங்கவில்லை.

"வாங்க சார், உக்காருங்க. அந்தக் குழந்தை வளர்ப்புப் புஸ்தகத்துக்காகவா வந்தீங்க? அதக் குடுத்து அஞ்சு வருஷமாச்சு சார். அதைப் படிச்சு வளர்த்த புள்ள இப்ப ஒண்ணாப்பு போகுது."

"பிறகு எதற்காக மாதாமாதம் புத்தகம் கொடுத்து அனுப்பினீர்கள்?" குஞ்சிதபாதத்துக்குப் பதற்றத்தில் எழுத்துநடையே வாயில் வந்தது.

"உங்க கார்டு வருதுல்ல? கார்டு வந்தா புஸ்தகம் மாத்துற நாளுன்னு இந்தத் தெரு முழுக்கத் தெரியும். வந்த அன்னிக்கு மருதையண்ணன்கிட்டக் குடுத்துவிட்டிருவோம்." அவர் உள்ளே போய், ரப்பர் வளையமிட்ட அட்டைக் கட்டொன்றை எடுத்துவந்தார். அத்தனையும் குஞ்சிதபாதத்தின் கையெழுத்து. "எல்லாத்துலயும் அந்த ஒரு புஸ்தகத்தையே எழுதியிருக்கீங்க. நான்கூட ஒரு தடவை, 'அதக் குடுத்தாச்சு'ன்னு சொல்லிவிடலாம்னு பார்த்தேன். எங்க மாமிதான் வேணாம்னுட்டாங்க." இங்கே அவர் சற்றுத் தயங்கினார். "'பெரிய மனுசரு, பாவம், மறதி வந்திருக்கும்போல. சொல்லி மனசை நோகடிக்காத'ன்னாங்க."

மருதையன் வானத்தைப் பார்த்தார். குஞ்சிதபாதம் தம் கையெழுத்தைப் பார்த்தார். தாம் அஞ்சிக்கொண்டிருந்ததை, இந்தத் தெரு ஐந்தாண்டுகளாக முடிவாகவே நம்பி, தமக்காக இரங்கியும் வந்திருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு. தவறுதானே?

"நீங்களே நேரில் வந்திருக்கலாமே அம்மா."

"வரலாம் சார். வாசல் பெஞ்சுல இருபது ஆம்பளைங்க பேப்பர் படிக்கிறாங்க. நான் அதத் தாண்டி உள்ள போறதுக்குள்ள துபாய்க்குப் போன் போயிரும். இவுக ஒண்ணும் சொல்லமாட்டாக. ஆனா, போன் பண்ணுன ஆளுக்கு வெவரம் சொல்லியே இவுகளுக்கு ஒரு நாளு போயிரும்." கமருன்னிஸா சிரித்துவிட்டு, உடனே முகம் மாறினார். "கார்டை நிப்பாட்டப் போறதா நேத்து சாயங்காலம் மருதையண்ணன் சொன்னாங்க. நெசமா சார்?"

கூட்டம் தீர்த்துவைத்த சிக்கல் அதுவென்று அவருக்குச் சொல்ல இயலவில்லை. "பார்க்கலாம் அம்மா" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் மீண்டும் அஞ்சலகத்தில் ஏறினார். சாரங்கபாணி முதலில் மருதையனின் வேலை போய்விடுமோ என்று அஞ்சினார், பிறகு யோசித்தார். தபால்காரர் தபால்தலை ஒட்டாத எதையும் சுமக்கலாகாது. அது நிற்க வேண்டும். ஆனால் அந்தப் பதினோரு பெண்களும் தத்தம் பெயரிலேயே உறுப்பினராக விண்ணப்பித்தால், பொறுப்பேற்றுக் கையொப்பமிடத் தாம் தயார் என்றார். ரெத்தினத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, ரேஷன் அட்டையில் ஆண்களின் பெயரை அடித்த இடத்தில் குடும்பத் தலைவியாக அந்தப் பெண்களின் பெயரைத்தான் எழுதியிருப்பதாகவும், முகவரிச் சான்றுக்கு அதுவே போதும் என்றும் அவர் சொன்னார். கூட்டத்தில் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நின்ற ஏடுகள், கூட்டம் முடிந்தபின் ஒன்றுக்கொன்று வழிவிட்டன. அது எப்படி என்று குஞ்சிதபாதத்துக்கு முழுதும் புரியவில்லை.

நூலகத்துக்கு வந்து, காணாமற்போன நூல்களின் பட்டியலை எடுத்தார். மருதையன் வீடு வீடாகச் சொன்னவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். பதினொன்று அடிபட்டன. பன்னிரண்டாவது எஞ்சியது. கருநாடக மாநிலத்தைப் பற்றிய பயண வழிகாட்டி, எண் 6390. அதைத் தாம் தொட்டதே இல்லை என்று மருதையன் சத்தியம் செய்திருந்தார்.

ஆய்வாளர் ஒரே ஒரு நூலைப் பெரிதுபடுத்தமாட்டார். எந்த நூலகத்திலும் ஐந்தாண்டில் ஒரு நூல் காணாமற்போவது இயல்பே. குஞ்சிதபாதம் இதைத் தமக்குத் தாமே இருமுறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"ஆனந்தம், கருநாடகத்தைப் பத்தின பயணப் புத்தகம் ஒண்ணு..." என்று தொடங்கினார்.

"அலமாரியில மாளவிகா கடுதாசிக்கு அடியில இருக்கு. இன்னும் பாதி படிக்கல" என்றார் ஆனந்தம், முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே.

"யார் கொண்டுவந்தது?"

"நல்லாக் கேட்டீங்க. நீங்கதான். பொங்கலுக்கு மறுநாள். 'பெங்களூரு எப்படி இருக்கும்னு படிச்சுப் பாரு'ன்னு நீங்கதானே குடுத்தீங்க?"

அலமாரியைத் திறந்தார். நூல் இருந்தது. தேதிச் சீட்டில் முத்திரை இல்லை. பொங்கலுக்கு மறுநாளை நினைத்துப் பார்த்தார். கரும்பு நினைவுக்கு வந்தது. அடுத்த வீட்டுக் கன்றுக்குக் கொம்பில் பூசிய நீல வண்ணம் வந்தது. இந்த நூல் வரவில்லை. ஒரு நூலை ஒருவர் மறப்பது எந்த வயதிலும் நடப்பதுதானா? அண்ணன் திறந்த மடையும் ஒன்றே ஒன்றுதான். பதினொன்றுக்கு விடை தெரிந்துவிட்டது என்று மகிழ்வதா, பன்னிரண்டாவதற்காக அஞ்சுவதா? நெடுநேரம் நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆனந்தம் கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தார்.

"என்னங்க ஆச்சு? முகமே சரியில்லையே."

அண்ணனைப் பற்றிய அச்சத்தையும், இழுப்பறையிலுள்ள கடிதத்தையும், பள்ளிவாசல் தெருவையும் அவர் அப்போதுதான் ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னார். முடிந்ததும் ஆனந்தம், "கடுதாசியைக் குடுக்கப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

குஞ்சிதபாதம் மேசைக்குப் போய், 6390ஆம் எண்ணின் தேதிச் சீட்டில் பொங்கலுக்கு மறுநாளின் தேதியைப் பேனாவால் எழுதி, பக்கத்தில் தம் பெயரையும் எழுதினார்.

"இல்லை. ரெண்டு வருஷத்தையும் முடிச்சுட்டுத்தான் வெளியே வருவேன்" என்றார். "புதன்கிழமை தஞ்சாவூருக்குப் போய் டாக்டர்கிட்டக் காட்டிக்கறேன், நீயும் கூட வா. வியாழக்கிழமை விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கிட்டுப் பள்ளிவாசல் தெருவுக்குப் போறேன்."